எந்தக் கேட்டு?

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் வரும். எனக்கு அந்த ஒரு வருஷம் வரவில்லை. திங்கள் முதல் சனி வரை அருப்புக்கோட்டையில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீடு வரைவேன். வரைவேன் என்று சொல்வதே அதிகம். வீடு கட்டுகிறவர் வந்து அடுப்படியைத் தென்கிழக்கு மூலைக்குத் தள்ளச் சொல்வார், தள்ளுவேன். அவருடைய மச்சினன் வந்து கக்கூஸ் அங்கே வரக்கூடாது என்பார், இந்தப் பக்கம் இழுப்பேன். சாயங்காலம் அவர் சம்சாரம் போன் பண்ணி, எல்லாம் பழையபடியே இருக்கட்டும் என்பார். இதற்காகவா சிவில் இன்ஜினியரிங் படித்தாய் என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது என்னையே திட்டிக்கொள்வேன்.

எனக்கு மண்ணைப் பற்றிப் படிக்க ஆசை. எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கரிசல்காட்டு ஊர். மழை பெய்தால் அந்த மண் ஊதும். வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். மண் ஊதிச் சுருங்குகிறபோது மேலே நிற்கிற வீடு மட்டும் சும்மா இருக்குமா? எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கீழே வரை ஒரு விரிசல். அப்பா வருஷா வருஷம் சிமெண்டைக் குழைத்துப் பூசுவார், வருஷா வருஷம் அது வாயைத் திறக்கும். பூசினால் போதாது, அடியில் இருக்கிற மண்ணைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எப்படிப் பார்ப்பது என்று தெரியாது. அதற்கு எம்.இ. படிக்க வேண்டும், நல்ல கல்லூரியில் இடமும் மாதா மாதம் உதவித்தொகையும் கிடைக்க கேட் பரீட்சை எழுத வேண்டும்.

அப்பா ஒரு நூல் மில்லின் வாசலில் செக்யூரிட்டி. பெரும்பாலும் ராத்திரி ஷிப்டு. ஊரில் இந்த விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்குக் கிண்டல்தான். டீக்கடையில் ஒருவர் அப்பாவைப் பார்த்து, "ஏலே, நீ பத்து வருசமா கேட்டுலதான நிக்கிற. அதுக்கு எதுக்குலே உம்மவளுக்குப் பரீச்ச?" என்று கேட்டாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் என் கையில் இருந்தது ஒரே ஒரு வருஷம். அதையும் அப்பாதான் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் விருதுநகரில் லோடு வண்டி ஓட்டுகிறான், கல்யாணமாகி அந்த வருஷம்தான் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் அங்கே போய்விட்டது. அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம், தங்கச்சியை வைத்துக்கொண்டு நீ பிள்ளைக்கு மொட்டை போடுகிறாயா என்று கேட்டால் அவனும் எத்தனை நாள் பொறுப்பான்? ஒரு நாள் நேரில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"படிச்சது போதும்ப்பா. மாப்பிள வீட்டுக்காரக ரெண்டு எடத்துல கேட்டுட்டாக," என்றான்.

"ஒரு வருசம் பொறுடா. கேட்டு எழுதட்டும். வந்தா பாப்போம், வரலன்னா நீ சொல்ற எடத்துல முடிப்போம். கோச்சிங்கெல்லாம் நானே நல்லா விசாரிச்சு சேத்துவிடுறேன்," என்றார் அப்பா.

"நீங்க விசாரிச்சா சரியாத்தான் இருக்கும்," என்று அண்ணன் எழுந்துவிட்டான்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் விசாரிக்காமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். தேங்காய் வாங்கினால் எந்தத் தோப்பு என்று கேட்பார். பஸ்ஸில் ஏறினால் இது போகும்தானா என்று டிரைவரைக் கேட்டு, கண்டக்டரைக் கேட்டு, பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்பார். மில் வாசலில் நிற்கிறவர்களுக்கு அதுவே பழகிவிடும் போல. யாரு, எங்கிருந்து, யாரப் பாக்கணும் என்று கேட்டுக் கேட்டு வீட்டிலும் அதே பேச்சு. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்தக் குணத்தை நம்பித்தான் அண்ணன் ஒரு வருஷம் கொடுத்தான்.

முதலில் நான் போனில் ஒரு ஆன்லைன் வகுப்பு பார்த்தேன். வீட்டுக்குள் சிக்னல் வராது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் வரும். ஆபீஸ் விட்டு பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து, சோறாக்கி, அதற்கப்புறம் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். வாத்தியார் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பார், மேலே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். வட்டம் நின்றால் அவர் இந்திக்குப் போயிருப்பார். பத்து நாளில் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்தது அருப்புக்கோட்டையிலேயே ஒருவர். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பார், நாலு தடவை கேட் எழுதியவர். எங்கள் ஆபீஸுக்கு வரும் சர்வேயர் சொன்னார். அப்பா போய் விசாரித்துவிட்டு வந்தார். வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது.

"வேணாம்த்தா. நாலு தடவ எழுதுனவன் நமக்கு என்னத்தச் சொல்லித் தருவான்? ஒரே தடவைல பாஸானவன்லாம் இருக்கான்ல?"

"அவரு ரெண்டு தடவ பாஸ்தானாம்ப்பா. வீட்டு நெலமையில போக முடியலையாம்."

"பாஸானவன் ஏன் திரும்பத் திரும்ப எழுதுறான்? அதுவும்போக அந்த வீட்ல ஒரு நாயி கெடக்கு. பாத்தாலே பக்குங்குது."

நாய்க்கு எதிராக நான் என்ன வாதாட முடியும்? விட்டுவிட்டேன்.

மூன்றாவது மதுரை. ராத்திரி ஷிப்டு முடித்து அப்படியே பஸ் ஏறிப் போகிறேன், நீ கேட்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடு, வாயில் நுழையாவிட்டால் காட்டிவிடுவேன் என்றார். நான் "கேட் கோச்சிங், ஞாயிறு வகுப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா மூன்று இடம் ஏறி இறங்கினார். தன் கணக்குப்படி எல்லாம் பார்த்தார். பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிறதா, மாடிப்படியில் லைட் எரிகிறதா, பொம்பளப் பிள்ளைகளுக்குத் தனியாக பாத்ரூம் இருக்கிறதா, கவுண்டரில் உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா. மூன்றாவது இடத்தில் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. கவுண்டர் பெண் சீட்டை வாங்கிப் பார்த்து, "கேட் இருக்கு சார், ஞாயிறு பேட்ச் இருக்கு, அடுத்த வாரம் ஸ்டார்ட்டு" என்று சொல்லியிருக்கிறாள். வெளியே போர்டிலும் வங்கி, ரயில்வே, கேட் என்று வரிசையாகத் தமிழில் எழுதியிருக்கிறது. என்னைக் கேட்காமலே பணத்தையும் கட்டிவிட்டு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அந்தப் புள்ள என்னா மரியாதையா பேசுதுங்கிற!" என்றார்.

இப்படித் தொடங்கின என் ஞாயிற்றுக்கிழமைகள். சனி ராத்திரி அப்பாவுக்கு ஷிப்டு கிடையாது, விடியும் முன்னே எழுந்து எலுமிச்சம்பழச் சோறு கிண்டுவார். அவருக்குத் தெரிந்த ஒரே சமையல் அது. உப்பு எப்போதும் ஒரு கல் கூடத்தான் இருக்கும். அதைக் கட்டி என் பையில் வைத்து, மொபெட்டில் என்னை ஏற்றி ரெட்டியபட்டி ஸ்டாப்பில் கொண்டுவந்து விடுவார். அருப்புக்கோட்டை வழியாக மதுரை போகிற முதல் பஸ். கண்டக்டரிடம், "மதுரைல பரீச்சைக்குப் படிக்கப் போற புள்ள, பாத்து எறக்கிவிடுங்க" என்று வாராவாரம் சொல்வார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்க்கும். ஜன்னலில் தலையை முட்டியபடி காரியாபட்டி வரை தூங்குவேன்.

வகுப்பில் கணக்கு வந்தது. சதவீதம், வேலையும் நேரமும், ரயில் பாலத்தைக் கடப்பது. அப்புறம் ஆங்கிலம். நீளமான பத்தி ஒன்றைக் கொடுத்து, ஆசிரியர் எந்தத் தொனியில் சொல்கிறார் என்று கேட்டார்கள். எனக்கு இருந்த தூக்கத்தில் அந்த ஆசிரியர் எந்தத் தொனியில் சொன்னால் எனக்கென்ன. கேட் பரீட்சையில் எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக ஒரு பகுதி உண்டு, அதில் இந்தக் கணக்கும் ஆங்கிலமும் வரும். அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள் என்று இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பி.காம். முடித்தவள். இப்போதெல்லாம் பி.காம். படித்தவர்களும் கேட் எழுதலாம் என்று எங்கோ படித்திருந்தேன், அதனால் அதுவும் உறுத்தவில்லை. ஒரு மாதம் ரயில் பாலத்தைக் கடந்துகொண்டே இருந்தது. மண் வரவில்லை.

ஐந்தாவது வாரமோ என்னவோ, கவுண்டரில் போய்க் கேட்டேன். "சிவில் எப்ப எடுப்பாங்க?"

"சிவில்ஸா? அது மாடில. தனி பேட்ச்," என்றாள் அந்தப் பெண். அப்பா சொன்னது போல நல்ல மரியாதையாகத்தான் சொன்னாள்.

மாடிக்கு ஏறினேன். ஒரு ஹால் நிறைய ஆட்கள் செய்தித்தாளை விரித்து வைத்து அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் இந்திய வரைபடம். ஒருவர் அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பின்பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தேன். கலெக்டர் ஆகிறவர்களுக்கான வகுப்பு அது. இறங்கி வந்து கேட்டேன்.

"இல்லங்க, நான் சிவில் இன்ஜினியரிங். கேட்ல சிவில் பேப்பர் எப்ப வரும்?"

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். "கேட்ல ஏதுங்க சிவில்? எம்.பி.ஏ.வுக்கு எதுக்கு சிவில்?"

அடக் கடவுளே. ஒன்று ஆங்கிலத்தில் 'ஜி'யில் தொடங்குகிற கேட், இன்ஜினியரிங் மேல்படிப்புக்கு. இன்னொன்று 'சி'யில் தொடங்குகிற கேட், எம்.பி.ஏ.வுக்கு. காந்திக்கும் காக்காவுக்கும் ஒரே 'கா' போடுகிற பாஷையில் இரண்டும் ஒரே கேட்தான். நான் எழுதிக் கொடுத்த சீட்டில் தப்பில்லை. அவர்கள் போர்டில் தப்பில்லை. அப்பா வாயில் தப்பில்லை, அவருக்கு எதுவாக இருந்தாலும் 'கேட்டு'தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா பார்த்து வைத்த அந்த லைட் தலைக்கு மேலே பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ் முழுக்க யோசித்தேன். அப்பாவிடம் சொன்னால் அவர் தாங்க மாட்டார், அது ஒரு பக்கம். அதைவிட, அப்பாவுக்கு மனசில் ஒன்றும் நிற்காது. விஷயம் அம்மாவுக்குப் போகும், அம்மாவிடமிருந்து அண்ணனுக்குப் போகும். "நீங்க விசாரிச்சா சரியாத்தான் இருக்கும்" என்ற ஒரே வாக்கியத்தின் மேல்தான் அந்த வருஷம் நின்றுகொண்டிருந்தது. அடியில் மண் சரியில்லை என்று தெரிந்தால் அவன் நாளைக்கே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போடுவான். ரெட்டியபட்டி ஸ்டாப்பில் அப்பா மொபெட்டோடு நின்றார். "கிளாஸு எப்படித்தா?" என்றார். "நல்லாருக்குப்பா" என்றேன். வாய் கசந்தது.

அடுத்த ஞாயிறு அதே சோறு, அதே மொபெட், அதே பஸ். அப்பா கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கி, வண்டி கண்ணுக்கு மறையும் வரை நின்றார். கண்டக்டர் மதுரைக்கு டிக்கெட் கிழிக்கப் போனார். "அருப்புக்கோட்டை ஒண்ணு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

நாலு தடவை எழுதியவரின் வீட்டுக்குப் போனேன். நாய் இருந்தது. அப்பா சொன்னது பொய்யில்லை, பார்த்தால் பக்கென்றுதான் இருந்தது. வாத்தியாரும் கிட்டத்தட்ட அதே ரகம். சிரிக்க மாட்டார். அவருடைய சம்சாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு, "இந்தப் புள்ளையாவது போய்ச் சேருதான்னு பாப்போம்" என்பார். வாத்தியார் பாதி வகுப்பில் கண் அசந்துவிடுவார். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடங்குவார். மண் வந்தது. ஈரம், அழுத்தம், வீக்கம் எல்லாம் வந்தது. ஆனால் சந்தோஷமாகப் படித்தேன் என்று சொன்னால் அது பொய். ஆறு நாள் அடுப்படியை நகர்த்திவிட்டு வந்து உட்கார்கிறவளுக்கு மண்ணாவது மண்ணாங்கட்டியாவது. தப்பாகப் போட்ட கணக்கையே திரும்பவும் தப்பாகப் போடுவேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டைத் திருப்பித் தள்ளுவார். சில நாள் அழுகையாக வரும். அழவும் தெம்பு வேண்டுமே.

அப்பா ஸ்டாப்பில் நிற்பதால் மதுரையிலிருந்து வருகிற பஸ்ஸில்தான் நான் வந்து இறங்க வேண்டும். படிப்பு மத்தியானமே முடிந்துவிடும். அதன்பிறகு சாயங்காலம் வரை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுவேன். விருதுநகர், விருதுநகர் என்று கத்துவார்கள். அங்கேதான் அண்ணன் இருந்தான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

அதற்கிடையில் இன்னொரு தொல்லை. அப்பா கட்டிக் கொடுக்கும் சோறு வர வரப் பெரிசாகிக்கொண்டே போனது. ஒரு நாள் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, யானைக்கா கட்டுறீக?" என்று கத்தினேன். "படிக்கிற புள்ள, தின்னு" என்றார். கூடவே காராச்சேவு வேறு. என்னால் பாதிகூடத் தின்ன முடியாது. மீதியை வாத்தியார் வீட்டு நாய்க்கு வைப்பேன். அது உப்புக் கூடின சோற்றை ருசித்துத் தின்றுவிட்டு, அதற்கப்புறம் என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது. சாயங்காலம் கிளாஸு எப்படி என்று கேட்பதையும் அப்பா நாளாவட்டத்தில் விட்டுவிட்டார். அவருக்கும் சலித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொல்வது மிச்சம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

பிப்ரவரியில் பரீட்சை எழுதினேன். மார்ச்சில் ரிசல்ட் வந்தது. பாஸ். ரொம்ப மேலேயும் இல்லை, ரொம்பக் கீழேயும் இல்லை. ரயிலும் பாலமும் மட்டும் ஒன்றுவிடாமல் சரி, மதுரையில் உட்கார்ந்த அந்த ஒரு மாதத்தின் புண்ணியம். வெளியூரில் ஒரு அரசுக் கல்லூரியில் நான் கேட்ட படிப்பே கிடைத்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு இரண்டு நாள் தூங்கினால் போதும் என்றிருந்தது. அண்ணன் லோடு வண்டியோடு வந்து இறங்கி, "அப்பா விசாரிச்சா தப்பாதுன்னு நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். அப்பா தலையைக் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டார். பெருமையை அடக்குகிறார் என்று நினைத்தேன்.

கல்லூரிக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. ஒரு ஞாயிறு காலை கண் விழித்தால் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு ரெடியாக நிற்கிறார்.

"எங்கப்பா?"

"மதுரைக்குத்தா. எங்க மில்லு சூப்பரைசர் மக மெக்கானிக்கல் முடிச்சிருக்கு. அதுவும் கேட்டு எழுதணுமாம். உம்மக எங்க படிச்சான்னு உங்க அண்ணன வச்சுக்கிட்டே கேட்டாரு. சொன்னேன். கூட வந்து சேத்துவிடுங்கன்னாரு. அருப்புக்கோட்டைல ஏறுறாக."

எனக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஸ்டாப் வரை நானே மொபெட்டை ஓட்டினேன், அப்பா பின்னால் உட்கார்ந்து வந்தார். பேசாமல் இருந்துவிடலாமா என்று வழியெல்லாம் தோன்றியது. எனக்குத்தான் கிடைத்துவிட்டதே. அப்பாவின் முகம் அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு எத்தனை வருஷம் கொடுத்திருக்கிறார்களோ! பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். எனக்குக் கிடைத்த மாதிரி ஒரு சர்வேயரும் ஒரு நாய் வீடும் அவளுக்குக் கிடைக்கும் என்று யார் கண்டது? ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தியதும் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அந்த எடம் வேணாம். அது நம்ம கேட்டு இல்ல."

"எந்தக் கேட்டு?"

"அவங்க நடத்துறது எம்.பி.ஏ.வுக்குள்ள கேட்டு. இது இன்ஜினியரிங் கேட்டு. ரெண்டும் வேற வேற. நம்மதான் மாத்திச் சேந்துட்டோம்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நானே நேர்ல போயில்லத்தா விசாரிச்சேன்," என்றார். "சீட்டக் காட்டுனேன். போர்டப் பாத்தேன். அந்தப் புள்ளயே இருக்குன்னுச்சே." அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. யாரோ மில் வாசலில் அவரைத் தாண்டித் திருட்டு லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டது போல நின்றார்.

"ஒங்க தப்பில்லப்பா. நான் ஒரு மாசம் போனேன், அப்புறம் போகல. ஒங்ககிட்ட சொல்லல."

"நீ போகலன்னு தெரியும்," என்றார்.

"என்னது?"

"ஒரு ஞாயித்துக்கெழம மழ. போயிச் சேந்துட்டியான்னு அந்தக் கவுண்டருப் புள்ளைக்குப் போனு போட்டேன். நீ வர்றதே இல்லன்னு சொல்லிருச்சு."

"என்னைக்கு?"

"அது ஆச்சு. ஆவணி மாசம்."

ஆவணி! அப்படியென்றால் பரீட்சை வரை அரை வருஷம். தேங்காய்க்குத் தோப்பு விசாரிக்கிற மனுஷன், மகள் வாராவாரம் எங்கே போகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏன்ப்பா கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிருவ. எனக்குத் தெரிஞ்சுட்டா ஒங்க அண்ணன்ட்ட மறைக்கத் தெரியாது. தெரியாமயே இருந்துட்டா, கிளாஸுக்குப் போயிருக்கான்னு தெம்பாச் சொல்லலாம்ல."

"அப்ப நான் எங்க போறேன்னுதான் நெனச்சீக?"

அவர் ரோட்டைப் பார்த்தார். பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல. "எவனையோ பாக்கப் போறன்னு நெனச்சேன்," என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! ஸ்டாப்பில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் முதுகு வலிக்க உட்கார்ந்து, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, கணக்கைத் தப்புத் தப்பாகப் போட்டு நான் செத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு ஞாயிறும், என்னைப் பெற்றவர் நான் எவனோடோ ஊர் சுற்றுகிறேன் என்றா நினைத்துக்கொண்டிருந்தார்?

"அப்படி நெனச்சுக்கிட்டா வாராவாரம் விடியக் கருக்கல்ல எந்திரிச்சு எனக்குச் சோறு கட்டுனீக?"

"எங்க போனாலும் மத்தியானம் பசிக்கும்ல," என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அதான் ரெண்டு பேருக்காக் கட்டுனேன்" என்றார்.

திட்ட வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வெளியே வரவில்லை, கண்ணில்தான் வந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத நாயி தின்னுச்சுப்பா" என்றேன்.

"எந்த நாயி?"

"அந்த நாலு தடவ எழுதுனவரு வீட்டு நாயி. அவருட்டதான் படிச்சேன்."

நாய், வாத்தியார், சோறு எல்லாவற்றையும் அப்பா ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்திருப்பார் போல. அதற்குள் மதுரை பஸ் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். வழக்கம் போல டிரைவரிடம் இது போகும்தானா என்று கேட்டார். கண்டக்டர் அவரை அடையாளம் கண்டு, "என்னண்ணே, இன்னைக்கு நீங்களா? மதுரைதான?" என்றார்.

"இல்ல, அருப்புக்கோட்டை ஒண்ணு," என்றார் அப்பா.